டோனர் ஆக்ஸில்: என் பழைய டொயோட்டாவுக்கு நான் செய்த ஆபரேஷன்

1/ கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டுட்டு வாங்க. வழக்கமா பிரஷர், சுகர், நெஞ்சுவலின்னு எழுதுறவன் நான். இன்னிக்கு மருந்து கம்மி, கிரீஸ் அதிகம். என் பழைய பிக்கப் டிரக்குக்கு முன் ஆக்ஸில் மாத்தின கதை. என்னென்ன பார்ட்ஸ், ஏன் அதைத் தேர்ந்தெடுத்தேன், எங்கே தப்பு பண்ணேன்னு எல்லாம் சொல்றேன். அந்தத் தப்பு நடந்தப்போ பக்கத்து சீட்டில என் பொண்ணு இருந்தா. அதுக்காகத்தான் இந்த இழை.

2/ இடம் அமெரிக்கா, கொலராடோ மாநிலத்தோட மேற்குக் கோடி. அவசர சிகிச்சைப் பிரிவில வேலை. இங்கேருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள யூட்டா மாநிலத்து மோவாப் போயிடலாம். கண்ணுக்கெட்டின வரைக்கும் சிவப்புப் பாறை. அதுல மெதுவா, ஒவ்வொரு கல்லா வண்டியை ஏத்தி இறக்குறது இங்கே பலருக்கும் ஞாயித்துக்கிழமை பைத்தியம். எனக்கும் பிடிச்சுக்கிச்சு. என் வண்டி 1990 மாடல் டொயோட்டா பிக்கப். 22ஆர்இ இன்ஜின், 4 சிலிண்டர், 2.4 லிட்டர். சக்தி ஒரு 115 குதிரைத்திறன் இருக்கும். வேகமா ஓடாது, ஆனா சாகவும் சாகாது.

3/ வண்டி தெரியாதவங்களுக்கு: மாட்டு வண்டியை நினைச்சுக்கோங்க. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவில ஒரே அச்சு. ஒரு சக்கரம் கல்லு மேல ஏறினா மறு சக்கரத்தை அச்சே கீழே அழுத்தும். இதுதான் சாலிட் ஆக்ஸில். நம்ம ஊர் லாரிக்கும் முன்னாடி இப்படித்தான், பட்டை ஸ்பிரிங் மேல ஒரே இரும்பு. கார்ல அப்படி இல்லை. முன் சக்கரம் ரெண்டும் தனித்தனியா ஏறி இறங்கும். அதுக்கு இங்கே ஐஎஃப்எஸ்னு பேரு.

4/ அமெரிக்காவுல வித்த டொயோட்டா ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்புக்கு 1985 வரைக்கும் முன்னாடி சாலிட் ஆக்ஸில்தான். 1986-ல ஐஎஃப்எஸ்ஸுக்கு மாத்தினாங்க. ரோட்டுக்கு அது ரொம்ப நல்லது. குலுங்காது, வேகத்துல நேரா போகும். பாறையில மட்டும் குறை: சக்கரம் கீழே இறங்குற தூரம் கம்மி. ஒரு சக்கரம் அந்தரத்துல சுத்திக்கிட்டு நிக்கும்.

5/ என் முதல் தப்பு இங்கேயே ஆரம்பம். பெரிய டயர் போடணும்னு ஆசைப்பட்டு, டார்ஷன் பார் போல்ட்டை முறுக்கி முன்பக்கத்தை 2 அங்குலம் தூக்கினேன். காசு செலவில்லாத வைத்தியம். ஆனா சக்கரத்துக்குப் போற சிவி ஜாயிண்ட் எப்பவுமே வளைஞ்ச நிலையில சுத்த ஆரம்பிச்சுது. ரப்பர் உறை கிழிஞ்சுது, மண் போச்சு. மோவாப்ல ஒரு படி ஏறும்போது டமால்னு ஒரு சத்தம், ஜாயிண்ட் காலி. நாள் முழுக்கக் குதிகால் தூக்கி நடக்கச் சொன்னா முழங்கால் என்ன ஆகும்? அதேதான்.

6/ சரி, சாலிட் ஆக்ஸிலுக்கே மாறிடலாம்னு முடிவு. இதைப் படிச்சு உற்சாகமாகிற தம்பிகளுக்கு ஒண்ணு: உங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இது தேவையே இல்லை. சளிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம்னு சொல்ற அதே டாக்டர்தான் சொல்றேன். மண் ரோடு, காடு, கேம்பிங்னா ஐஎஃப்எஸ் தாராளம். பாறை மேலேயே பாதி வாழ்க்கைன்னா மட்டும் யோசிங்க. ரோட்டில ஓட்டுற சுகம் கண்டிப்பா குறையும்.

7/ எங்க தெருவில ஒரு பெரியவர் இருக்கார். சுரங்கத்துல கனரக வண்டி மெக்கானிக்கா இருந்து ஓய்வு பெற்றவர், வயசு எழுபதுக்கு மேல. என்னை 'டாக்'னுதான் கூப்பிடுவார். நான் ஒரு லிஸ்டோட போனேன். முதல் வரி: டேனா 60 ஆக்ஸில். ஒரு டன் டிரக்குகளுக்குப் போடுறது. உள்ளே இருக்கிற கிரவுன் பல்சக்கரமே 9.75 அங்குலம். டொயோட்டாவுடையது 8. 'பலமானதையே போட்டுட்டா பிரச்சினையே இல்லையே?'ன்னேன்.

8/ அவர் லிஸ்டைப் பார்க்கவே இல்லை. 'என்ன டயர்?' 33 அங்குலம். 'என்ன இன்ஜின்?' 22ஆர்இ. 'தினமும் எங்கே ஓட்டுற?' ஆஸ்பத்திரிக்கு, ஹைவேயில. சிரிச்சார். 'டாக், நாப்பது கிலோ பாட்டிக்கு நூறு கிலோ ஆளோட டோஸ் எழுதுவியா?' டேனா 60 ரொம்ப கனம். நடுவில தொங்குற டிஃபரன்ஷியல் உருண்டையும் பெரிசு. எந்தப் பாறையைத் தாண்டணும்னு போறோமோ அதுலயே போய் இடிக்கும். 115 குதிரை இன்ஜினுக்கு அது வைத்தியம் இல்லை, வீம்பு.

9/ வேற வண்டியிலேருந்து கழட்டி எடுக்கிற ஆக்ஸிலை இங்கே மெக்கானிக்குகளும் 'டோனர்'னுதான் சொல்றாங்க. எனக்கு அந்த வார்த்தை போதும். உறுப்பு மாற்றுன்னா முதல்ல என்ன பார்ப்போம்? ரத்த குரூப். ஆக்ஸிலுக்கும் குரூப் உண்டு: டிஃபரன்ஷியல் உருண்டை எந்தப் பக்கம் இருக்குங்கிறது. டொயோட்டா டிரான்ஸ்ஃபர் கேஸ்லேருந்து முன்னாடி போற ஷாஃப்ட் வலது பக்கம், அதாவது இங்கே பயணி உட்கார்ற பக்கம் வரும். உருண்டையும் வலதுல இருக்கணும். இடதுல இருந்தா ஆக்ஸில் எவ்வளவு தங்கமா இருந்தாலும் சேராது.

10/ அந்த ஒரு கேள்வியிலேயே பாதி லிஸ்ட் அவுட். 70-களின் கடைசியில வந்த ஃபோர்டு எஃப்-150-ன் டேனா 44: இடது பக்கம், சக்கரத்துக்கு 5 போல்ட். 80-களின் ஜீப் வேகனியர்: 6 போல்ட் பொருந்தும், ஆனா இடது பக்கம். 1987 வரைக்கும் வந்த செவ்ரோலே அரை டன் டிரக்: வலது பக்கம், 6 போல்ட், ஆனா என் வண்டிக்கு ரொம்ப அகலம். மிச்சம் நின்னது சொந்தக்காரன்தான்: 1979 முதல் 1985 வரை வந்த டொயோட்டா ஆக்ஸில். வலது பக்கம். 6 போல்ட், 139.7 மில்லிமீட்டர் வட்டம், என் சக்கரத்துக்கு அச்சு அசலா பொருந்தும். கூடப் பொறந்தவன் கிட்னி மாதிரி.

11/ கூடப் பொறந்தவனா இருந்தாலும் வித்தியாசம் இருக்கும். பழைய ஆக்ஸில் என் வண்டியோட பின் ஆக்ஸிலை விட ஒரு 3 அங்குலம் குறுகல். சரிகட்ட, முன் சக்கரம் ஒவ்வொண்ணுக்கும் 1.5 அங்குல ஸ்பேசர். ஸ்பேசர்ல மலிவா கிடைக்கிறது போல்ட்டை மட்டும் நம்பி நிக்கும். ஹப்போட நடு விளிம்புல கச்சிதமா உட்கார்ற ரகம் வாங்கினேன். டார்க் ரெஞ்ச் வெச்சு முறுக்கி, 50 மைல் ஓட்டினதும் திரும்ப முறுக்கினேன். இந்த ரெண்டாவது முறுக்கு ரொம்ப முக்கியம். தையல் போட்டவங்களைத் திரும்ப வரச் சொல்றோமே, அது மாதிரி.

12/ அடுத்தது கியர். கணக்கு சுலபம். என் வண்டி வரும்போது டயர் உயரம் ஒரு 28.3 அங்குலம், ஆக்ஸில் கியர் 4.10. டயர் 33 ஆனா பழைய இழுவை வேணும்னா: 4.10 x 33 ÷ 28.3 = 4.78. கடையில கிடைக்கிறதுல அதுக்குக் கொஞ்சம் மேல இருக்கிறது 4.88. அதைத்தான் போட்டேன். முன்னாடி பின்னாடி ரெண்டுக்கும் ஒரே விகிதம் இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் மாத்திட்டு ஃபோர் வீல்ல போட்டா ரெண்டு ஆக்ஸிலும் ஒண்ணையொண்ணு இழுத்து எங்கேயாவது உடைச்சிடும். அதனால 'முன் ஆக்ஸில் செலவு'ன்னு பட்ஜெட் போடுறவங்க பின் ஆக்ஸில் கியரையும் சேர்த்துக்கோங்க.

13/ இந்த ஆக்ஸிலோட பலவீனம் பேர் பெற்றது: சக்கரம் திரும்புற இடத்துல இருக்கிற பர்ஃபீல்டு ஜாயிண்ட். ஒரு கிண்ணம், உள்ளே ஒரு கூண்டு, அதுல 6 குண்டுகள். இடுப்பு மூட்டை நினைச்சுக்கோங்க, இது சுத்திக்கிட்டே வளையும். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு ஆக்ஸிலரேட்டரை அழுத்தினா கிண்ணம் பிளக்கும். குரோமோலி எஃகுல பலமான ஜாயிண்ட் விக்கிறாங்க. வாங்கக் கார்டை எடுத்தேன்.

14/ பெரியவர் கேட்டார்: 'இது உடையலைன்னா அடுத்தது எது உடையும்?' எனக்குப் பதில் தெரியலை. 'பாறையில மாட்டிக்கிட்டு முரட்டுத்தனமா மிதிச்சா ஏதோ ஒண்ணு உடையத்தான் போகுது. எது உடையணும்னு நீ முடிவு பண்ணு. இல்லைன்னா பாறை முடிவு பண்ணும்.' பர்ஃபீல்டு போனா டூல் பாக்ஸை வெச்சுக்கிட்டு வழியிலேயே மாத்திடலாம். கிரவுன் பினியன் போனா வண்டியை அங்கேருந்து இழுத்துட்டு வரணும்.

15/ அதனால பழைய ஜாயிண்டையே சுத்தம் பண்ணிப் போட்டேன். ஸ்பேர் ரெண்டு சீட்டுக்குப் பின்னாடி. அதுதான் என் ஃபியூஸ். 37 அங்குல டயர், பெரிய இன்ஜின் வெச்சிருக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு மாறும். ஆனா கேள்வி அதேதான்: உடையட்டும்னு நான் விடுற இடம் எது, உடையவே கூடாத இடம் எது? உடையவே கூடாதது ரெண்டு. ஸ்டியரிங், பிரேக். அதுல ஃபியூஸ் கிடையாது.

16/ பிரேக் முதல்ல. சாலிட் ஆக்ஸில் தொங்குற தூரம் அதிகம், பழைய பிரேக் ஹோஸ் பத்தாது. நீளமானது வாங்கினேன். வண்டியை ஜாக்கில தூக்கி ஆக்ஸிலை முழுசா தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடிச்சுப் பார்த்தேன். ஹோஸ் எங்கேயாவது விறைக்குதா, டயர்ல உரசுதா? எலும்பு முறிவு ஆறினவங்களைக் கையைத் தூக்குங்க, மடக்குங்கன்னு சொல்வோம்ல, அதே டெஸ்ட்தான்.

17/ வெல்டிங். நானும் கத்துக்கிட்டு 3 மாசம் ஆச்சு. கேட் பண்ணேன், பெஞ்ச் பண்ணேன். ஆனா சேஸிஸ்ல ஸ்பிரிங் ஹேங்கரையும் ஸ்டியரிங் பாக்ஸுக்குத் தாங்கு தகட்டையும் வெல்டு பண்ண, தொழில்முறை வெல்டர்கிட்ட கொடுத்தேன். வந்து ஒரு மாசமான ஹவுஸ் சர்ஜன்கிட்ட உங்க அப்பாவோட பைபாஸைக் கொடுப்பீங்களா?

18/ ஸ்டியரிங். என் ஐஎஃப்எஸ் வண்டியோட ஸ்டியரிங் பாக்ஸ் பக்கவாட்டுல தள்ளி இழுக்கிற ரகம். நல்ல விஷயம், அதையே வெச்சுக்கலாம். நக்கிள் மேல ஒரு புது ஆர்ம் போட்டு, ஸ்டியரிங் ராடுகளை ஸ்பிரிங்குக்கு மேல கொண்டு போனா பாறை இடிக்காது. ராடு முனையில சீல் வெச்ச டை ராடு எண்ட், கிரீடம் மாதிரி வெட்டின நட்டு, குறுக்கே ஒரு சின்ன பின். நம்ம ஊர் வண்டியில அச்சாணி செய்யுற வேலையை அந்தப் பின் செய்யுது. சில்லறைக் காசுதான், ஆனா கழட்டுற ஒவ்வொரு தடவையும் புதுசு போடணும்.

19/ இப்போ என் தப்பு. புது ஆர்ம் உட்கார்ற இடத்துக்கு அடியில காகித கனத்துக்கு ஷிம் தகடுகள் வரும். நக்கிள் பேரிங் எவ்வளவு இறுக்கமா இருக்கணும்கிறதை அதுதான் தீர்மானிக்குது. ஆர்மை மாத்தினா திரும்ப அளக்கணும். அளக்குறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லை: மீன் நிறுக்குற ஸ்பிரிங் தராசை ஆர்ம் ஓட்டையில மாட்டி இழுத்து, எவ்வளவு இழுத்தா நக்கிள் திரும்புதுன்னு பார்க்கணும். 10 நிமிஷ வேலை. ராத்திரி 11 மணி, மறுநாள் காலையில டூட்டி. பழைய ஷிம்மையே போட்டு மூடிட்டேன்.

20/ ரெண்டாவது தப்பு. முன் டிரைவ் ஷாஃப்ட் கோணம் செங்குத்தா தெரிஞ்சுது. அதை அழகா நேர் பண்ண, ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில ஆப்பு மாதிரி ஒரு தகடு வெச்சு ஆக்ஸிலைச் சுழற்றினேன். உருண்டை மேலே வந்துச்சு, ஷாஃப்ட் நேராச்சு. ஆனா ஆக்ஸில் ஒரே இரும்பு. அதைச் சுத்தினா முனையில இருக்கிற நக்கிளும் சேர்ந்து சுத்தும். காஸ்டர் குறைஞ்சிடும். சைக்கிளோட முன் ஃபோர்க் சாய்ஞ்சு இருக்குல்ல, கையை விட்டாலும் நேரா போறதுக்கு அதுவும் ஒரு காரணம். அந்தச் சாய்வுதான் காஸ்டர்.

21/ முதல் ஓட்டத்துல 40 மைல் வேகத்துல ஸ்டியரிங் லேசா நடுங்கிச்சு. நான் என்ன பண்ணேன்? ஸ்டியரிங் டேம்பர் ஒண்ணு வாங்கி மாட்டினேன். ஷாக் அப்சார்பர் மாதிரி இருக்கும், நடுக்கத்தை அமுக்கும். நடுக்கம் போயிடுச்சு. 'சரியாயிடுச்சு'ன்னு நினைச்சேன். காய்ச்சல் ஏன் வந்துச்சுன்னு பார்க்காம பாராசிட்டமால் மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புறதுக்கு எங்க ஜூனியர்களைத் திட்டுறவன் நான்.

22/ மூணு வாரம் கழிச்சு ஒரு சனிக்கிழமை. ஐ-70 ஹைவேயில மேற்கே, ஃப்ரூட்டா ஊர் தாண்டி, 55 மைல் வேகம். பக்கத்துல என் பொண்ணு, 16 வயசு. ஒரு பாலத்தோட இணைப்புல முன் சக்கரம் 'தடக்'னுச்சு. அடுத்த நொடி ஸ்டியரிங் என் கையைப் பிச்சுக்கிட்டு இடதும் வலதுமா அடிக்குது. வண்டியோட முன்பக்கம் முழுக்க ஆடுது. கண்ணாடியில பின்னாடி வந்த பெரிய லாரி. இதுக்கு இங்கே 'டெத் வாபிள்'னு பேரு. பேர் சரியாத்தான் வெச்சிருக்காங்க.

23/ இப்படி ஆனா ஸ்டியரிங்கோட மல்லுக்கட்டாதீங்க, உறுதியா பிடிச்சா போதும். சட்டுனு பிரேக் அடிக்காதீங்க. ஆக்ஸிலரேட்டரை விட்டுட்டு மெதுவா வேகத்தைக் குறைச்சு ஓரம் கட்டுங்க. வேகம் குறைஞ்சதும் ஆட்டம் நின்னுடும். நாங்களும் அப்படித்தான் நின்னோம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. கவிழ்ந்த பிக்கப்லேருந்து எடுத்துட்டு வர்றவங்களை வாரா வாரம் பார்க்கிறவன் நான். கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. அவ கேட்டது ஒரே கேள்வி: 'அப்பா, எல்லாத்தையும் செக் பண்ணேன்னு சொன்னீங்களே?'

24/ மறுநாள் பெரியவர் வீட்டு வாசல். 'முதல்ல அந்த டேம்பரைக் கழட்டு. அது இருந்தா நோய் தெரியாது.' ஜாக்கில தூக்கி, டயரை மேலேயும் கீழேயும் பிடிச்சு ஆட்டினார். லொட லொட. நக்கிள் பேரிங் தொளதொளன்னு இருந்துச்சு. கோண அளவுமானி வெச்சுப் பார்த்தா காஸ்டர் 1 டிகிரி கூட இல்லை. அப்புறம் சொன்னதுதான் எனக்குப் பாடம்: 'ஹைவேயில உன் முன் ஹப் லாக் ஆகி இருக்காது. முன் டிரைவ் ஷாஃப்ட் சுத்தவே சுத்தாது. பாறையில சுத்தும், அதுவும் நடக்கிற வேகத்துல. சுத்தாத ஷாஃப்ட்டோட அழகுக்காக, 55 மைல்ல உன்னை நேரா வெச்சிருக்கிற கோணத்தை வித்திருக்க.'

25/ ஆப்புத் தகட்டைக் கழட்டினேன். காஸ்டர் 3 டிகிரி பக்கம் வந்துச்சு. ஷாஃப்ட் கோணத்துக்கு அதுக்கேத்த ஜாயிண்ட் வெச்ச ஷாஃப்ட் போட்டேன். டயரைத் திரும்ப பேலன்ஸ் பண்ணேன். டேம்பர் இல்லாமலே 65 மைல் வரைக்கும் தனியா ஓட்டிப் பார்த்து, நடுக்கம் துளியும் இல்லைன்னு தெரிஞ்ச பிறகுதான் டேம்பரை மாட்டினேன்.

26/ செய்யப் போறவங்களுக்குப் பார்ட்ஸ் வாங்க வேண்டிய வரிசை: வண்டியை எங்கே ஓட்டப் போறீங்க → டயர் அளவு → உருண்டை எந்தப் பக்கம் → அகலம், போல்ட் → ரெண்டு ஆக்ஸிலுக்கும் கியர் → ஸ்டியரிங், பிரேக், காஸ்டர் → அதுக்கப்புறம்தான் பலமான ஷாஃப்ட், லாக்கர் எல்லாம். பட்ஜெட் இடிச்சா கடைசியிலேருந்து வெட்டிக்கிட்டே வாங்க. ஸ்டியரிங் வரைக்கும் வெட்டு வந்துச்சுன்னா வேலையையே தள்ளிப்போடுங்க. உயரமும் டயருக்கு வேண்டிய அளவு மட்டும். கூடுதலா தூக்குற ஒவ்வொரு அங்குலமும் கவிழ்றதை சுலபமாக்கும்.

27/ பொண்ணு ரெண்டு மாசம் அந்த வண்டியில ஏறலை. 'நான் அம்மா கார்ல வரேன்'னு சொல்லிடுவா. நானும் வற்புறுத்தலை. ஷிம் அளக்கிற அன்னிக்கு மட்டும் அவளே கராஜுக்கு வந்தா. டார்ச்சை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, 'தராசை நான் இழுக்கிறேன், நீங்க நம்பரைச் சொல்லக் கூடாது'ன்னா. மூணு தடவை இழுத்தா. மூணு தடவையும் மேனுவல்ல போட்டிருக்கிற அளவுக்குள்ள இருந்துச்சு. ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதி, டேஷ்போர்டு பெட்டியில வெச்சா.

28/ இப்போ ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அந்த நோட்டுல ஒரு வரி சேருது. எல்லாம் அவ கையெழுத்து. போன மாசம் அதே பாலத்தைத் தாண்டினோம். ரெண்டு பேரும் பேசலை. தாண்டினதும் பாட்டை சத்தமா வெச்சா.

கேள்வி இருந்தா கீழே கேளுங்க, டூட்டி முடிஞ்சு வந்து பதில் சொல்றேன். மூணு மாச சுகர் டெஸ்ட் பத்தி எழுதறேன்னு சொன்ன இழை வியாழக்கிழமை வரும்.